சாலை அடைத்த ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டு வாசலில் இருந்தவர்கள்:

நான்.

என் மகன். அம்பாங்கானில் லாரி ஓட்டுகிறவன். சனிக்கிழமையே வந்துவிட்டதால் இருந்தான்.

மருமகள்.

என் கொழுந்தியாள். ரஹாங்கில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து சவ வண்டியில் அக்காளோடு கூடவே வந்தவள்.

பக்கத்து வீட்டு மண்டோர். தோட்டத்து ஆட்களை மேய்த்தவர், அந்த வேலையை விட்டுப் பல வருசம் ஆகிறது. இன்னும் மண்டோர் என்றுதான் கூப்பிடுகிறோம்.

கோயில் பண்டாரம்.

உறுமிக்காரன் ஒருவன். கூட அடிக்கிற மற்ற இரண்டு பேர் வரவில்லை.

செம்பனைக் குலை வெட்டுகிற வங்காளதேசத்து ஆட்கள் இரண்டு பேர். குழி வெட்டினவர்களும் அவர்கள்தான்.

பெட்டியில் என் மனைவி.

வரவேண்டியவள் என் மகள்.

சாவு வீட்டுக்கு இது கூட்டமே இல்லை. எங்கள் லயத்து வரிசையில் இப்போது ஆள் இருக்கிற வீடு நாலுதான். மற்ற சனம் டவுனுக்குப் போய்விட்டது. ஆனாலும் சாவு என்றால் வருவார்கள். அன்றைக்கும் வந்தார்கள். ரஹாங்கிலிருந்தும் அம்பாங்கானிலிருந்தும் கார் எடுத்துக்கொண்டு வந்து, கோலா சாவா பக்கம் தோட்டத்துச் சாலை பெரிய சாலையில் சேருகிற முச்சந்தியில் நின்றார்கள். அதற்கு மேல் வர முடியவில்லை. அங்கிருந்து லயத்துக்கு ஆறு கிலோமீட்டர். சாலையை அடைத்திருந்தார்கள்.

மாரத்தான் ஓட்டத்துக்காக அடைத்தது. சனிக்கிழமை ஐந்து கிலோமீட்டரும் பத்து கிலோமீட்டரும். ஞாயிற்றுக்கிழமை இருபத்தொன்றும் நாற்பத்திரண்டும். கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறார்கள். இன்னும் தூரத்திலிருந்தும் வருகிறார்கள். போர்ட்டிக்சன் ஓட்டல்களில் தங்கி, விடியுமுன் பஸ்ஸில் வந்து இறங்கி ஓடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறதாம். காலையில் செம்பனை மரங்களுக்கு நடுவே பனி நிற்பது, பழைய கித்தா புகைக்கூடம், மலை, லயத்து வீடுகள். நாங்களும் அதில் சேர்த்தி.

புல் வெட்டினவன் நான்தான். நாற்பது வருசத்துக்கு மேல் இந்தத் தோட்டத்தில் வேலை. முதலில் ரப்பர் பால் வெட்டினேன். கித்தா மரத்தை அழித்துச் செம்பனை போட்டபின் குலை வெட்டினேன். முதுகு போனபின் புல் வெட்டுகிற மிசினைக் கொடுத்தார்கள். ஓட்டத்துக்கு முந்தின வாரம் சாலையின் இரண்டு பக்கமும் வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்த வியாழக்கிழமையும் மத்தியானம் வரைக்கும் வெட்டிவிட்டுத்தான் போனேன்.

அவளுக்கு இனிப்பு நீர். போன வருசம் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இந்த முறை மற்றக் கால். எடுக்க முடியவில்லை, விசம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். சனிக்கிழமை மத்தியானம் போய்விட்டாள்.

மகள் கடலுக்கு அந்தப் பக்கம் சபாவில் இருக்கிறாள். கட்டிக்கொண்டு போய்ப் பதினாறு வருசம். புருசனுக்கு அங்கே ஒரு செம்பனைக் கம்பெனியில் வேலை. வந்து போவது லேசு இல்லை. பிளைட் ஏற வேண்டும். அம்மாவுக்குக் கால் எடுத்தபோதும் வரவில்லை. போனில்தான் பார்ப்பாள். என் மனைவிக்குப் போனைப் பிடிக்கத் தெரியாது. நெற்றியும் கூரையும்தான் தெரியும்.

“போன கொஞ்சம் கீழ எறக்குமா. மொகம் தெரியல.”

“என் மொகத்துல என்னாடி இருக்கு. நீ பேசு.”

இப்படித்தான் போகும்.

சனிக்கிழமை நான்தான் மகளுக்குப் போன் செய்தேன். மகன் செய்யமாட்டேன் என்றான்.

“அம்மா போயிட்டாம்மா. ஓடியா.”

அவள் புருசனைக் கூப்பிட்டு விசயத்தைச் சொல்வது கேட்டது. பிறகு சொன்னாள்.

“மொத பிளைட்டுல ஓடியாறேன்பா. நான் வராம மூடிறாதீங்க. எனக்கு அம்மா மொகத்தப் பாக்கணும்.”

சரி என்றேன்.

சவப்பெட்டிக் கடைக்காரர் ஆஸ்பத்திரியில் வைத்தே சொல்லிவிட்டார்.

“அண்ணே, கால்ல விசம் ஏறுன பொணம். மருந்து அடிச்சாலும் நிக்காது. நாளைக்குப் பன்னெண்டுக்குள்ள மூடிருங்க. அதுக்கு மேல பொம்பளைங்க யாரும் கிட்ட நிக்க முடியாது.”

பண்டாரமும் அதையேதான் சொன்னார். அவர் கணக்கு வேறு. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை எமகண்டம். அதற்குள் தூக்கிவிட வேண்டும்.

முதல் பிளைட் காலை எட்டரைக்கு மேல் கே.எல்.ஐ.ஏ.வில் இறங்கும். அங்கிருந்து எங்கள் தோட்டத்துக்கு முக்கால் மணி நேரம். பத்துக்குள் வந்துவிடுவாள் என்று எல்லாரும் சொன்னோம். சாலை அடைப்பது எனக்குத் தெரியும். ஓட்டக்காரர்களுக்குத்தான் அடைப்பார்கள், சாவுக்கு விடுவார்கள் என்று நினைத்தேன். மண்டோரும் அப்படித்தான் சொன்னார்.

“என்னா மனுசங்க இல்லியா அவங்க. கேதம்னா விடுவாங்கய்யா.”

சவ வண்டி சனிக்கிழமை சாயந்திரம் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. மூடியைத் திருகுகிற ஆணிகளையும் திருப்புளியையும் கடைக்காரர் மண்டோர் கையில் கொடுத்தார். நாளைக்கு என் ஆள் உள்ளே வர முடியாது, நீங்களே மூடிக்கொள்ளுங்கள் என்றார். அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே ஒலிபெருக்கிச் சத்தம். எங்கள் லயத்துக்கு அந்தப் பக்கம் உள்ள பழைய பந்துத் திடலில்தான் ஓட்டம் தொடங்குவதும் முடிவதும். பாட்டு போட்டார்கள். பெரிய வெளிச்சம். என் மனைவியின் தலைமாட்டில் வைத்த விளக்கு தெரியவே இல்லை.

வெயில் ஏறினதும் ஓடினவர்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள். முச்சந்தியில் திரும்பி, எங்கள் லயத்து வாசலைத் தாண்டித்தான் திடலுக்குப் போக வேண்டும். வேகமாக ஓடுகிறவர்கள் எதையும் பார்ப்பதில்லை. அவர்கள் போனபின் நடுத்தரக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

ஒன்பது மணி வாக்கில் உறுமிக்காரன் அடிக்க ஆரம்பித்தான். தனியாக அடித்தால் நன்றாக இருக்காது என்றான். நான்தான் அடி என்றேன். சாவு வீடு சும்மா இருக்கக்கூடாது.

ஓட்டக்காரர்களை உற்சாகப்படுத்த வழியில் அங்கங்கே மேளம் வைத்திருந்தார்கள். ஓர் இடத்தில் மலாய்க்காரர்களின் கொம்பாங், ஓர் இடத்தில் சீனர்களின் சிங்க ஆட்டம். மூன்றாவதாக எங்களை நினைத்துக்கொண்டார்கள்.

வருகிறவன் எல்லாம் கையைத் தூக்கி ஆட்டினான். கட்டை விரலைக் காட்டினான். இரண்டு பேர் தோளில் கை போட்டுக்கொண்டு உறுமிக்கு ஏற்ற மாதிரி ஆடிவிட்டுப் போனார்கள். உறுமிக்காரன் என்னைப் பார்த்தான்.

“அண்ணே, நிப்பாட்டவா?”

“அடி.”

“அவனுங்க ஆடுறானுங்கண்ணே.”

“ஆடட்டும். செத்த வீட்ல ஆடுறது நம்ம பழக்கந்தான.”

மண்டோர் சிரித்தார். அன்றைக்கு எங்களில் சிரித்தது அவர் மட்டும்தான்.

ரோஜா நிறச் சட்டை போட்ட ஒரு பெண் சாலையை விட்டு இறங்கி வாசலுக்கே வந்துவிட்டாள். போனை நீட்டி, முதுகை எங்களுக்குக் காட்டி, சிரித்துக்கொண்டு படம் எடுத்தாள். எடுத்ததைப் பார்த்தாள். படத்தில் பெட்டி விழுந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தாள். சாரி, சாரி என்றாள். கொழுந்தியாள் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பு போட்டுக்கொண்டு பந்தலுக்குள் வந்துவிட்டாளே என்று. அந்தப் பெண் ஓடிப்போய்விட்டாள்.

மணி பத்து ஆயிற்று. மகள் வரவில்லை. பிளைட் தாமதமாக இறங்கினது என்று தகவல் வந்தது. பதினொன்றாகும்போது போன் செய்தாள்.

“அப்பா, முச்சந்தியில நிக்கிறேன். உள்ள விடமாட்றாங்க.”

“கேதம்னு சொல்லு.”

“சொல்லிட்டேன்பா. சித்தப்பா, மாமாங்க எல்லாரும் இங்கதான் நிக்கிறாங்க. எல்லாரும் சொல்லிட்டாங்க. ஒரு மணிக்குத்தான் தெறப்பாங்களாம். பஸ் ஒண்ணு உள்ள போவுது. அதுல ஏறலாம்னா, கையில பட்டை கட்டுன ஓட்டக்காரங்களுக்கு மட்டும்தான்னு சொல்றாங்க.”

“போலீஸ் இல்லியா?”

“இருக்காங்கப்பா. போலீஸ்காரரும் ஓட்டம் நடத்துறவங்கள கேட்டுப் பாத்தாரு. ஆளுங்க ஓடுற ரோட்டுல காரு விட்டா எவனாவது அடிபடுவான்னு சொல்லிட்டாங்க.”

அது நியாயம்தான்.

அவள் அழாமல்தான் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

“அப்பா, அம்மா இங்க தொங்குறாங்கப்பா.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

நாலு மாதத்துக்கு முன்னால் ஓட்டம் நடத்துகிறவர்கள் படம் எடுக்க வந்தார்கள். லயத்தை எடுத்தார்கள், கோயிலை எடுத்தார்கள். என் மனைவி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளையும் எடுத்தார்கள். வெட்டின கால் தெரியாமல் இருக்க ஒரு பூப்போட்ட பாத்தேக் துணியை மடியில் போட்டார்கள். எங்கிருந்தோ ஒரு பழைய பால் வாளியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். படம் எடுத்தவன் தமிழ்ப் பையன்தான்.

“ஆன்ட்டி, கொஞ்சம் சிரிங்க.”

“எதுக்கு?”

“எஸ்டேட் வாழ்க்கையக் காட்டணும் ஆன்ட்டி.”

“எஸ்டேட் வாழ்க்கையில எவடா சிரிச்சா?”

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அதைப் பிடித்துக்கொண்டான். அந்தப் படத்தைத்தான் பெரிய துணியில் அடித்து முச்சந்தியில் கட்டியிருந்தார்கள். பசுமையைத் தேடி வாருங்கள் என்று மலாயில் எழுதி. எல்லாப் பல்லும் தெரிகிற சிரிப்பு. நான் புல் வெட்டும்போது அதன் அடியில்தான் வெட்டினேன்.

மகள் அம்மா முகத்தைப் பார்க்க வந்து, அதன் அடியில் நின்றாள்.

“அப்பா, மூடிறாதீங்க. நான் வந்துர்றேன்.”

போனை வைத்துவிட்டாள்.

வங்காளதேசத்து ஆட்களில் மூத்தவனிடம் ஒரு பழைய மோட்டார் இருந்தது. குலை ஏற்றுகிற உள்பாதை ஒன்று செம்பனைக் காட்டுக்குள் போகிறது. சுற்று வழி, சேறு. ஆனால் முச்சந்திக்குப் பின்னால் கொண்டுபோய் விடும். போய்க் கூட்டிக்கொண்டு வா என்றேன். அவன் ஒன்றும் கேட்காமல் போனான். மகளுக்குத் திரும்பப் போன் செய்தேன், அங்கேயே நில் என்று சொல்ல. மணி அடித்தது. எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். கடைசியில் என் தம்பி எடுத்தான்.

“அண்ணே, போனையும் பையையும் எங்கிட்ட குடுத்துட்டு ஓடிப்போயிருச்சுண்ணே.”

“எங்க?”

“ரோட்டுல. ஓடுறவங்களோடயே.”

நீயும் கூடப் போயிருக்கலாமே என்று கேட்க வாய் வந்தது. அவனுக்கு முட்டி ஆபரேசன். கேட்கவில்லை.

நாற்பத்தொரு வயது அவளுக்கு. அவள் அம்மா மாதிரியே உடம்பு. காலில் என்ன போட்டிருக்கிறாள் என்று நினைத்துப் பார்த்தேன். நான்தான் ஓடியா என்று சொன்னவன். அந்த வார்த்தையை நாங்கள் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறோம். யாரும் ஓடினது இல்லை.

மோட்டாரில் போனவன் பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கையில் தனியாகத் திரும்பி வந்தான். உடம்பெல்லாம் சேறு.

“காக்கா தாடா, பாச்சிக்,” என்றான். அக்காள் அங்கே இல்லை, பெரியவரே என்று. சாலையில் மோட்டாரை விடவில்லையாம். அவள் சாலையில் வந்துகொண்டிருந்தாள். இவன் காட்டில் வந்துகொண்டிருந்தான்.

வாடை வர ஆரம்பித்திருந்தது. மருமகள் ஊதுபத்தியைக் கட்டுக் கட்டாகக் கொளுத்தினாள். பண்டாரம் மணி பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்ப மணி பார்த்தார்.

“இன்னும் கொஞ்சம் பாப்பம்,” என்றேன்.

“பாத்தாச்சுய்யா. எமகண்டத்துல தூக்க முடியாது. ஒன்ற மணி வரைக்கும் வச்சிருக்கப் போறீங்களா? இந்த வெயில்லயா?”

மகன் என் பக்கத்தில் வந்தான்.

“அப்பா, தங்கச்சி வர்றப்ப அம்மா இந்த மாதிரி ஆயி பாக்கக்கூடாதுப்பா. மூடிறலாம்.”

அவன் சொன்னதும் சரிதான். அன்றைக்கு எல்லாரும் சரியாகத்தான் சொன்னார்கள்.

வாய்க்கரிசி போட்டோம். இருந்ததே சில கைகள். சீக்கிரம் முடிந்துவிட்டது. சுமங்கலியாகப் போனவள் என்று கொழுந்தியாள் நெற்றி நிறையக் குங்குமம் வைத்தாள். மூடினோம். மண்டோர் திருகினார்.

தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும். மகன் கொள்ளிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போக வேண்டும். அவனைக் கழித்தால் நான், மண்டோர், வங்காளதேசத்து ஆட்கள் இரண்டு பேர். அவர்கள் பிஸ்மில்லா என்று சொல்லித் தூக்கினார்கள். பண்டாரம் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தார். பன்னிரண்டு அடிக்குமுன் வாசலைத் தாண்டிவிட்டோம்.

எங்கள் இடுகாடு சாலைக்கு அந்தப் பக்கம், செம்பனைக்குள் கொஞ்ச தூரம். லயத்திலிருந்து சாலையில் ஏறி, கொஞ்ச தூரம் நடந்து, வளைவில் குறுக்கே கடக்க வேண்டும். அந்த வளைவில் ஆரஞ்சு சட்டை போட்ட ஒரு பெண் கொடியோடு நின்றாள். சிரம்பான் பக்கத்துத் தமிழ்ப் பெண். முப்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. காலையிலிருந்து உறுமிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். அவளும் அதை ஓட்டத்துக்கு அடிப்பதாகத்தான் நினைத்திருக்கிறாள்.

“அங்கிள், கொஞ்சம் நில்லுங்க அங்கிள். ரேடியோல கேட்டுர்றேன்.”

கேட்டாள். ரேடியோவில் என்னவோ சொன்னார்கள்.

“ரெண்டே நிமிசம் லா அங்கிள். கடைசி ஆளுங்க வர்றாங்க. எட்டு மணி நேரமா ஓடிட்டு வர்றாங்க, பாவம். பன்னெண்டரைக்குள்ள திடலுக்குப் போவலன்னா மெடல் கெடைக்காது.”

“நாங்களும் ஒரு ஆளத்தாம்மா கூட்டிட்டுப் போறோம்,” என்றார் மண்டோர்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கொடியை மட்டும் இறக்கவில்லை.

தூக்கின பெட்டியைக் கண்ட இடத்தில் இறக்கக்கூடாது. இறக்கித் திருப்புகிற இடம் என்று ஒன்று இடுகாட்டுக்குப் போகிற பாதையில் இருக்கிறது. அங்கேதான் இறக்கலாம். அதனால் தோளில் வைத்துக்கொண்டே நின்றோம். தலைக்கு மேல் வெயில். மண்டோர் தோளை மாற்றிப் பார்த்தார். அவருடைய மூலை தாழ்ந்தது. உள்ளே அவள் ஒரு பக்கம் சரிவது என் தோளுக்குத் தெரிந்தது. உறுமிக்காரன் உறுமியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு வந்து மண்டோரின் மூலையை வாங்கிக்கொண்டான். அத்தோடு சத்தம் நின்றது.

ஓட்டக்காரர்கள் ஒருவர் இருவராக வந்தார்கள். ஓட்டம் என்று சொல்ல முடியாது. நொண்டிக்கொண்டு வந்தார்கள். வயதான சீனர் ஒருவர் எங்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். போகச் சொன்னாலும் போகவில்லை.

அவருக்குப் பின்னால் இன்னும் சில பேர் வந்தார்கள். அவர்களுக்கு நடுவே என் மகள் வந்தாள்.

ஓடித்தான் வந்தாள். காலில் ஒன்றும் இல்லை. சுடிதார் முழங்கால் வரைக்கும் தண்ணீரும் புழுதியும். ஒரு கையில் ஈர ஸ்பாஞ்சு, ஒரு கையில் பாதி வாழைப்பழம். வழியில் தண்ணீர் கொடுக்கிறவர்கள் அவள் கையில் திணித்திருக்கிறார்கள். பொலே ஆன்ட்டி, முடியும் ஆன்ட்டி, இன்னும் கொஞ்சம்தான் ஆன்ட்டி என்று கை தட்டியிருக்கிறார்கள். அவள் அதை எல்லாம் பிறகு சொன்னாள். ஒருவனுக்கும் பதில் சொல்ல மூச்சு இல்லையாம்.

பெட்டியைப் பார்த்தாள். மூடியிருப்பதைப் பார்த்தாள். அழவில்லை. என்னிடம் வந்தாள்.

“மூடாதீங்கன்னு சொன்னேன்லப்பா.”

பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

“எனக்கு மொகம் பாக்கணும்பா.”

“எறக்கு,” என்றேன்.

கொழுந்தியாள் குறுக்கே வந்தாள்.

“நடு ரோட்டுல எறக்கப்படாது மச்சான்.”

பண்டாரம் சொன்னார், “மூடுனதத் தெறக்கப்படாதுய்யா. எமகண்டம் வேற ஆரம்பிச்சிருச்சு. குடும்பத்துக்கு ஆவாது.”

“எறக்கு,” என்றேன்.

மகனைப் பார்த்தேன். கொள்ளிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான், “எறக்குங்க.”

சாலை நடுவில் இறக்கினோம். தோட்டத்துச் சாலை அகலம் இல்லை. இரண்டு பக்கமும் வாய்க்கால். பெட்டியும் நாங்களும் நின்றால் அதற்கு மேல் இடம் இல்லை. மண்டோர் இடுப்பிலிருந்து திருப்புளியை எடுத்தார். நான் வாங்கிக் கழற்றினேன்.

ஆரஞ்சு சட்டைப் பெண் ரேடியோவில் யாரோ கத்துவதைக் கேட்டாள். அதைத் திருகி அணைத்தாள். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஓட்டக்காரர்கள் பக்கம் கொடியைப் பிடித்தாள்.

மூடியைத் தூக்கினபோது மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளிப்போனாள். மகள் போகவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்தாள். முகம் ஊதியிருந்தது. அது எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

“பொட்டு பெருசா வச்சிருக்கீங்க,” என்றாள் மகள்.

“சுமங்கலிடி,” என்றாள் கொழுந்தியாள்.

“அம்மா சின்னதாத்தான் சித்தி வைப்பாங்க. பெருசா வச்சா புடிக்காது.”

கையில் இருந்த ஸ்பாஞ்சால் ஓரத்தை எல்லாம் துடைத்தாள். மெதுவாகத்தான் துடைத்தாள். அவசரமே படவில்லை. துடைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். திரும்பவும் துடைத்தாள். கொழுந்தியாள் கிட்டே போய் உட்கார்ந்து, சரிந்திருந்த அக்காள் தலையை நேராக வைத்தாள்.

நான் சாலையைப் பார்த்தேன். கொடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். சீனர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு மலாய்க்காரப் பெண் இரண்டு கையையும் ஏந்தி வாய்க்குள் என்னவோ ஓதினாள். இரண்டு பேர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவன் வாய்க்காலைத் தாண்டிக் காட்டு வழியாகப் போகப் பார்த்தான். செம்பனை மட்டையின் முள் இருக்கிறது, முடியாது. திரும்பி வந்து இன்னும் எவ்வளவு நேரம் என்று கொடிக்காரப் பெண்ணைக் கேட்டான். கையில் வேலை இல்லாமல் நிற்க எனக்குப் பழக்கம் இல்லை. பெட்டிப் பக்கம் திரும்பவும் முடியவில்லை. நின்றவர்களை எண்ணினேன்.

மகள் எழுந்தாள்.

“மூடுங்கப்பா.”

மூடினோம். தூக்கினோம். கடந்தோம்.

கடந்தபின் எனக்குப் பின்னால் அவர்கள் ஓட ஆரம்பித்த சத்தம் கேட்டது. திடலில் ஊதல் ஊதினார்கள். பன்னிரண்டரை. ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் நன்றி சொன்னார்கள்.

குழியில் இறக்கி மண் போட்டு முடிந்தபோது ஒரு மணி ஆகிவிட்டது. சாலையைத் திறந்தார்கள். முச்சந்தியில் நின்ற உறவுக்காரர்கள் எல்லாம் மாலையோடு வந்து இறங்கினார்கள். வாழைப்பழத் தோலும் காகிதக் குவளையும் சாலை முழுக்கக் கிடந்தது. அதைப் பொறுக்க மறுநாள் ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மகள் மூன்றாம் நாள் சபாவுக்குத் திரும்பினாள். முச்சந்தியில் அந்தத் துணியை இன்னும் அவிழ்க்கவில்லை. காரை நிறுத்தச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கால் எல்லாம் வெடித்துக் கட்டுப் போட்டிருந்தாள். அவளுடைய செருப்பு அந்தத் துணிக்கு அடியிலேயே கிடந்தது என்று என் தம்பி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்திருந்தான். அதைப் போட முடியவில்லை. பையில் வைத்துக்கொண்டாள்.

நான் புதன்கிழமை வேலைக்குப் போனேன். மானேஜர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். தமிழர்தான். இலங்கைத் தமிழர் வம்சம், படித்த குடும்பம். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. முதலில் என் மனைவிக்காக வருத்தம் சொன்னார். பிறகு விசயத்துக்கு வந்தார்.

“ரேஸ் நடத்துறவங்க கம்ப்ளைன் பண்ணிட்டாங்க. அடுத்த வருசம் வேற தோட்டம் பாக்குறாங்களாம். நடு ரோட்டுல பெட்டியத் தெறந்து வச்சிருந்தீங்களாமே.”

“ஆமா சார்.”

“ரெண்டு எட்டு தள்ளி ஓரமா வச்சிருக்கலாம்தான?”

“ஓரத்துல வாய்க்கா சார்.”

அவர் பேனாவை எடுத்தார். வைத்தார்.

“பாவம், வெளியூர்லேருந்து செலவு பண்ணிட்டு வந்து, நாப்பத்தொரு கிலோமீட்டர் ஓடி, கடைசி ஒரு கிலோமீட்டர்ல நேரம் தாண்டிப்போச்சு. மெடல் இல்ல. ஒரு ஆள், ரெண்டு ஆள் இல்ல. எத்தன பேருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“எத்தன?”

“பதினொண்ணு.”